பூ வந்து இறங்கிவிட்டது, திரைக்கு யார் சொன்னது?

கடிதம் எழுதியிருப்பவர் உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி. மதுரையில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணே, எங்கள் பெரியப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவருக்காக சி ஷார்ப் மொழியில், திரை அமைக்க உதவுகிற டபிள்யூ.பி.எஃப். வைத்து ஒரு புரோகிராம் எழுதுகிறேன். விவசாயி பெயர், பூ, எடை, விலை, மொத்தம், இவ்வளவுதான். முதலில் 50 இடம் உள்ள அரே வைத்தேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் 51-வது ஆள் வந்ததும் புரோகிராம் நின்றுவிட்டது. லிஸ்ட்டுக்கு மாற்றினேன். இப்போது புதிதாகச் சேர்க்கிற ஆள் திரையில் வரவே இல்லை, ஆனால் மூடித் திறந்தால் இருக்கிறார். அப்சர்வபிள் கலெக்‌ஷன் போடு என்று நண்பன் சொன்னான். போட்டேன், ஆள் வந்துவிட்டார். ஆனால் பூ இறங்கும்போது எடை மட்டும்தான் எழுதுவோம், விலை பிறகுதான் போடுவோம். இன்றைய மல்லி விலையை அடித்து பட்டனை அழுத்தினால் வரிகளில் அதே பூஜ்யம் நிற்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று வருகிறது. எனக்கு இந்த வேலை வராதோ என்று பயமாக இருக்கிறது. தராசை நேராகக் கம்ப்யூட்டரோடு இணைக்கவும் ஆசை, முடியுமா?"

தம்பி, பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். நீங்கள் மாட்டியிருக்கிற மூன்று இடமும், நான் பார்த்த வரைக்கும், இந்தத் தொழிலுக்கு வந்த எல்லோரும் அதே வரிசையில் மாட்டுகிற இடங்கள்தான். அதோடு, புத்தகத்தில் இருக்கிற பயிற்சிக் கணக்கைப் போட்டுப் பார்த்து நிறுத்தாமல், விடிகாலையில் எழுந்து ஓடுகிற ஒரு கடைக்கு எழுதுகிறீர்கள். அதனால்தான் மூன்றும் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கின்றன.

அரேயிலிருந்து ஆரம்பிப்போம், அது சீக்கிரம் முடிந்துவிடும். அரே என்பது அடுத்தடுத்து ஒட்டியிருக்கிற இடங்கள். எத்தனை இடம் என்பது உருவாக்கும்போதே முடிவாகிவிடும், அப்புறம் ஒன்றுகூடக் கூடாது, குறையாது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவது பலருக்கு உறுத்தும். அந்த எண்ணை "எத்தனையாவது" என்று படிக்காமல், "முதல் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி" என்று படித்தால் உறுத்தாது. முதல் ஆள் பூஜ்யம் தள்ளி இருக்கிறார், ஐம்பதாவது ஆள் 49 தள்ளி. 51-வது ஆளுக்காக நீங்கள் 50 தள்ளி எழுதப் போனீர்கள், அங்கே உங்களுக்கு இடமே இல்லை, இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று சொல்லி நிறுத்திவிட்டது. அது நிறுத்தியது நல்லதுக்குத்தான். பழைய சி மொழியாக இருந்தால் பக்கத்தில் இருக்கிற வேறு எதன் மேலாவது எழுதிவிட்டுச் சத்தம் போடாமல் போயிருக்கலாம், நீங்கள் கணக்கு ஏன் தப்புகிறது என்று நாள் கணக்கில் தேடியிருப்பீர்கள்.

50-ஐ 500 ஆக்கினால் போதாதா என்று தோன்றியிருக்கும். போதாது. 12 பேர் மட்டும் வந்த நாளில் மீதி 488 இடமும் வெறுமையாக, அதாவது நல் (null) ஆக, இருக்கும். மொத்தம் கூட்டுகிற லூப் 13-வது இடத்துக்குப் போனதும் இல்லாத ஆளின் எடையைக் கேட்கும், நல் ரெஃபரன்ஸ் என்று விழும். உடனே "இதுவரை எத்தனை பேர்" என்று தனியாக ஒரு எண்ணை வைத்துக்கொள்ளத் தோன்றும். அந்த எண்ணையும் அரேயையும் சேர்த்து நீங்களே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தீர்கள் என்றால், லிஸ்ட்டைத்தான் கையால் எழுதுகிறீர்கள்.

லிஸ்ட்டுக்கு உள்ளேயும் அரேதான் இருக்கிறது, இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. சி ஷார்ப் ஓடுகிற டாட் நெட்டில் காலி லிஸ்ட்டில் முதல் ஆளைச் சேர்த்ததும் உள்ளே 4 இடம் உள்ள அரே ஒன்று எடுக்கும். ஐந்தாவது ஆள் வந்தால் 8 இடத்தில் புதிதாக ஒன்றை எடுத்து, பழைய நான்கு பேரையும் அதற்கு மாற்றிவிட்டு இவரைச் சேர்க்கும். அப்புறம் 16, 32, 64. உங்கள் 51-வது ஆள் வரும்போது உள்ளே 64 இடம் இருக்கும், ஆனால் கவுண்ட் கேட்டால் 51 என்றுதான் சொல்லும், 52-வது இடத்தை எட்டிப் பார்க்கவும் விடாது. நம்பி வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 12 மாதம், வாரத்துக்கு 7 நாள் என்று மாறவே மாறாத எண்ணிக்கைக்கு அரே வையுங்கள். மார்க்கெட்டுக்கு நாளைக்கு எத்தனை பேர் பூ கொண்டுவருவார்கள் என்று பெரியப்பாவுக்கே தெரியாது, அதற்கு லிஸ்ட்.

சரி, இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். "மூடித் திறந்தால் இருக்கிறார்" என்று நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆள் லிஸ்ட்டில் சேர்ந்துவிட்டார், ஃபைலிலும் எழுதப்பட்டுவிட்டார். கணக்கு சரி. திரைதான் பழையதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கும் திரையும் வேறு வேறு என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது அதுதான்.

கணக்கைத் திரையோடு இணைப்பதைப் பைண்டிங் என்பார்கள். அந்தப் பெயரே ஏமாற்றுகிறது. கட்டுவது என்று சொன்னதும், கயிற்றைப் போட்டு இரண்டையும் கட்டிவிட்டோம், இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் தானாக அசையும் என்று நினைத்துவிடுகிறோம். நடப்பது வேறு. உங்கள் கடையில் உள்ளே கணக்கு நோட்டு இருக்கிறது, வாசலில் விலைப் பலகை தொங்குகிறது என்று வையுங்கள். காலையில் நோட்டைப் பார்த்துப் பலகையில் ஒருமுறை எழுதியாகிவிட்டது. அப்புறம் நோட்டில் என்ன மாற்றினாலும் பலகைக்குத் தெரியாது. "அண்ணே, மாறிப்போச்சு" என்று உள்ளேயிருந்து ஒருத்தர் குரல் கொடுத்தால்தான் வெளியே நிற்கிறவர் மறுபடி நோட்டைப் பார்த்து எழுதுவார். பைண்டிங் என்பது அந்த வெளியே நிற்கிற ஆள். அவர் காது கொடுத்துக் காத்திருக்கிறார், குரல் கொடுக்க வேண்டியது உங்கள் வேலை.

லிஸ்ட்டுக்குக் குரல் கிடையாது. 2005-ல் டாட் நெட் 2.0-வோடு அது வந்தபோது வேகமாகச் சேர்ப்பதும் எடுப்பதும்தான் அதன் வேலை, யாருக்கும் எதையும் அறிவிப்பது இல்லை. அடுத்த வருடம் நவம்பரில் டபிள்யூ.பி.எஃப். வந்தபோது, திரைக்காகவே அப்சர்வபிள் கலெக்‌ஷனும் கூட வந்தது. ஒரு ஆளைச் சேர்த்தால், எடுத்தால், இடம் மாற்றினால் அது குரல் கொடுக்கும், திரையில் இருக்கிற அட்டவணையான டேட்டா கிரிட் அதைக் கேட்டு ஒரு வரியைச் சேர்க்கும், எடுக்கும். உங்கள் நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஏன் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பழைய விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதுகிறவர்கள் இதே வேலைக்குப் பைண்டிங் லிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்சர்வபிள் கலெக்‌ஷன் குரல் கொடுப்பது யார் வந்தார், யார் போனார் என்பதற்கு மட்டும்தான். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளின் விலை பூஜ்யத்திலிருந்து 800 ஆனதா என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலாது. அதை அந்த ஆளேதான் சொல்ல வேண்டும். அதாவது, பெயர், பூ, எடை, விலை வைத்திருக்கிற உங்கள் 'பதிவு' க்ளாஸ் ஐ-நோட்டிஃபை-ப்ராப்பர்ட்டி-சேஞ்ச்ட் என்கிற இன்டர்ஃபேஸை, அதாவது 'மாறினால் சொல்வேன்' என்கிற ஒப்பந்தத்தை, ஏற்க வேண்டும். பெயர்தான் நீளம், உள்ளே ப்ராப்பர்ட்டி சேஞ்ச்ட் என்று ஒரே ஒரு ஈவென்ட்தான், அதுதான் அந்தக் குரல். விலையின் செட் பகுதியில், அதாவது புது விலையை வாங்கி வைக்கிற இடத்தில், நடக்க வேண்டியதைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

வந்த மதிப்பு பழைய மதிப்பேதானா? ஆம் என்றால் திரும்பிவிடு.
புதிய மதிப்பை உள்ளே வை.
"விலை" மாறிவிட்டது என்று சொல்.
"மொத்தம்" மாறிவிட்டது என்று சொல்.

நான்காவது வரியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், நீங்களும் விடுவீர்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு விவசாயி 6.250 கிலோ மல்லி கொண்டுவந்தார். விலை 800 போட்டீர்கள், மொத்தம் 5,000. அப்புறம் விலையை 1,000 ஆக்கினீர்கள். விலைக் கட்டம் 1,000 என்று மாறிவிட்டது. மொத்தம் 6,250 ஆக வேண்டும், ஆனால் 5,000-லேயே நிற்கிறது. ஏனென்றால் மொத்தம் என்பது எடையையும் விலையையும் பெருக்கித் தருகிற ப்ராப்பர்ட்டி (க்ளாஸ் வெளியே காட்டுகிற மதிப்பு), அதற்கென்று செட் கிடையாது, அதனால் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள அதற்கு வழியில்லை. எதை வைத்து அது கணக்கிடப்படுகிறதோ அதுதான் இதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடையின் செட்டிலும் இதே வரி வர வேண்டும். ஒரே வரியில் புதிய விலையும் பழைய மொத்தமும் நிற்பதைப் போல ஆபத்தானது எதுவும் இல்லை, பார்க்கிறவர் இரண்டையும் நம்பிவிடுவார்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடைக்கு இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். பின்பக்கக் குடோனில் பில் போட்டால் முன்பக்கத் திரையில் இருப்பு குறைய வேண்டும். குறையவில்லை. உள்ளே துவரம்பருப்பு 3 மூட்டைதான் இருக்கிறது, திரை 10 என்று காட்டியது, கடைக்காரர் அதைப் பார்த்து மேலூரிலிருந்து பேசிய ஒருவருக்கு 8 மூட்டை தருகிறேன் என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். கேட்டவர் வேன் பிடித்து வந்து நின்றார். கடைக்காரர் என்னைத் திட்டவில்லை, பக்கத்துக் கடையில் கூடுதல் விலைக்கு 5 மூட்டை வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து, கணக்கு சரியாக இருக்கிறது என்று நான் எந்த வேலையையும் முடித்ததாக நினைப்பதில்லை, திரையும் அதையே சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவேன்.

உங்களுக்கு இன்னும் வராத, ஆனால் கட்டாயம் வரப்போகிற ஒன்று இருக்கிறது. மறுநாள் காலையில் புதுக் கணக்கு தொடங்க வேண்டும். பதிவுகள் என்ற மாறியில் புதிதாக ஒரு அப்சர்வபிள் கலெக்‌ஷனை உருவாக்கி வைத்துவிடுவீர்கள். திரையில் நேற்றைய ஆட்களே நிற்பார்கள், இன்று சேர்க்கிற யாரும் வரமாட்டார்கள். வெளியே நிற்கிறவர் கையில் இருப்பது பழைய நோட்டு, நீங்கள் புது நோட்டு வாங்கி உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று, பழைய கலெக்‌ஷனையே க்ளியர் செய்துவிட்டு அதிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் பதிவுகள் என்பதையும் ஒரு ப்ராப்பர்ட்டி ஆக்கி, மாற்றும்போது அதற்கும் குரல் கொடுங்கள். கடைக்கு முதல் வழி போதும்.

ஆக, ஆள் வந்து போவதை கலெக்‌ஷன் சொல்லும், ஆளுக்குள் நடப்பதை ஆள் சொல்ல வேண்டும், கலெக்‌ஷனே மாறினால் அதை வைத்திருக்கிறவர் சொல்ல வேண்டும். திரை மாறவில்லை என்றால் இந்த மூவரில் யார் வாயைத் திறக்கவில்லை என்று பாருங்கள்.

மூவரும் சொல்லியும் வரவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். பைண்டிங்கில் தப்பு இருந்தால் புரோகிராம் நிற்காது, கட்டம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். எழுத்துப் பிழையாக இருக்கலாம், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமாக இருக்கலாம். விஷுவல் ஸ்டுடியோவில் கீழே அவுட்புட் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டுங்கள், டேட்டா எரர் 40 என்று தொடங்கி எந்தப் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். அதோடு, பைண்டிங் ப்ராப்பர்ட்டியை மட்டும்தான் பார்க்கும். கெட், செட் இல்லாமல் வெறும் ஃபீல்டாக எழுதினால், பப்ளிக் என்று போட்டிருந்தாலும், அது கண்ணுக்கே தெரியாது. ஆரம்பத்தில் இரண்டு மணி நேரம் தின்கிற தப்பு இது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சேர்க்கிற பட்டனுக்கு வெளியே ஒரே ஒரு பதிவை உருவாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதிலேயே பெயரையும் எடையையும் மாற்றிச் சேர்த்தீர்கள் என்றால் எல்லா வரியிலும் கடைசியாக வந்தவர் பெயரே நிற்கும். கலெக்‌ஷனுக்குள் போவது ஆளின் நகல் இல்லை, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்கிற விலாசம்தான். ஒரே விலாசத்தைப் பத்து தடவை எழுதினால் பத்து வீடு ஆகிவிடாது. பட்டனை அழுத்தும்போதெல்லாம் புதிதாக ஒரு பதிவை உருவாக்குங்கள்.

பணத்துக்கும் எடைக்கும் டபுள் என்கிற எண் வகை வேண்டாம், டெசிமல் வகை வையுங்கள். டபுளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். விவசாயி வியர்வை சிந்திப் பறித்துக் கொண்டுவந்த பூவுக்குப் பைசா கணக்கு தப்பக்கூடாது.

இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரியப்பா கடைப் புரோகிராமை இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். தனியாக ஒரு குட்டி ப்ராஜெக்ட் திறங்கள். ஒரு டேட்டா கிரிட், மூன்று பட்டன். முதல் பட்டன் ஒரு ஆளைச் சேர்க்கட்டும். இரண்டாவது, முதல் ஆளின் விலையை மாற்றட்டும். மூன்றாவது எல்லோரையும் அழித்துவிட்டுப் புது நாள் தொடங்கட்டும். முதலில் வேண்டுமென்றே லிஸ்ட்டை வைத்து ஓட்டுங்கள், மூன்றும் திரையில் தெரியாமல் போவதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, எந்த வரியைச் சேர்த்ததும் எது உயிர் பெற்றது என்று நோட்டில் எழுதுங்கள். சி ஷார்ப்பில் க்ளாஸுக்கும் மாறிகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பதிவு, எடை, விலை என்று வைத்துப் பழகினால் எது மொழியின் சொல், எது நீங்கள் வைத்த பெயர் என்று பளிச்சென்று தெரியும். அந்தச் செட் பகுதிகளையும் முதல் தடவை கையாலேயே எழுதுங்கள். கம்யூனிட்டி டூல்கிட் எம்.வி.வி.எம். என்று மைக்ரோசாஃப்ட் தருகிற ஒரு பேக்கேஜ் இருக்கிறது, இதையெல்லாம் அதுவே எழுதிக் கொடுத்துவிடும், நானும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அது உள்ளே என்ன எழுதுகிறது என்று தெரியாமல் எடுத்தீர்கள் என்றால், மொத்தம் மாறாத நாளில் எங்கே தொடுவது என்று தெரியாது.

தராசு கேட்டிருந்தீர்கள். முடியும். சீரியல் போர்ட் உள்ள எலக்ட்ரானிக் தராசாக இருந்தால் எடையை எழுத்தாக அனுப்பும், சி ஷார்ப்பில் சீரியல் போர்ட் க்ளாஸ் அதை வாங்கிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை மட்டும். எடை வந்தது என்று அது சொல்கிற டேட்டா ரிசீவ்ட் ஈவென்ட், திரையை நடத்துகிற த்ரெட்டில் (வேலை ஓடுகிற தனி வரிசையில்) வராது, வேறு த்ரெட்டில் வரும். அங்கிருந்தே கலெக்‌ஷனில் ஆளைச் சேர்க்கப் போனால் நாட் சப்போர்ட்டட் என்று புரோகிராம் விழும். திரையின் த்ரெட்டுக்கு வேலை அனுப்புகிற டிஸ்பாட்சரிடம் கொடுத்து, அங்கேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். தராசில் பூக்கூடையை வைத்ததும் எடை ஆடி ஆடித்தான் நிற்கும், அது நிற்கும் வரை எந்த எண்ணையும் பதிவில் ஏற்றாதீர்கள்.

மூன்று பட்டனும் வேலை செய்ததும் எழுதுங்கள். கூடவே தராசின் பின்பக்கம் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணையும், காலிக் கூடையை வைக்கும்போது அது அனுப்புகிற ஒரு வரியை அப்படியேயும் எழுதி அனுப்புங்கள். கூடையின் எடையைக் கழிப்பதைத் தராசிலேயே செய்வதா, புரோகிராமில் செய்வதா என்பதையும் பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், அதை அவர்தான் சொல்ல வேண்டும்.